வத்தல்மலைக் காப்பியும் லண்டன் கணக்கும்

வரி என்று பேச்சு எடுத்தாலே நம் ஊரில் முதலில் வரும் கேள்வி "எத்தனை பர்சன்ட்?" என்பதுதான். டீக்கடை பெஞ்சிலும் சரி, பட்ஜெட் அன்று டிவியில் நடக்கும் விவாதத்திலும் சரி, வீதம் ஏறியதா இறங்கியதா என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதே இல்லை.

ஆனால் வரி கட்டுபவனின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது வீதம் மட்டும்தானா? இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவனுடைய கணக்கை எழுதுவது யார்? எழுதியது அவனுக்குப் புரிகிறதா? எழுதியவர் தப்பு செய்தால் அது யார் தலையில் விடிகிறது?

பிரிட்டனில் இப்போது நடந்துகொண்டிருக்கும் வரி மாற்றங்களைக் கவனித்தால் அங்கே சண்டை முழுக்க இந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் என்பது தெரியும். "பிரிட்டன் வரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் கேட்டால் நியாயம். தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் கேட்க முடியாது! பிரிட்டிஷ்காரன் நம் நாட்டில் வரிக் கணக்கு எழுதப் பழகிய இடங்களில் முக்கியமானது இந்த மாவட்டம். ஆகவே லண்டனுக்குப் போகும் முன் வத்தல்மலைக்குப் போவோம்.

ஒரே பழம், மூன்று கணக்கு

தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் வத்தல்மலை. பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று சிறு சிறு ஊர்கள். இருப்பவர்களில் பெரும்பாலோர் பழங்குடிப் பட்டியலில் உள்ள மலையாளி இனத்தவர் (கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆள்பவர்). சாமை, ராகி, பலா, மிளகு, காப்பி எல்லாம் விளைகிறது. தலைச்சுமையாகவும் கழுதை மேலும் பொருளை இறக்கிய மலைக்கு ஒழுங்கான தார்ச்சாலையும் பேருந்தும் வந்ததெல்லாம் சமீப காலத்தில்தான்.

அந்தக் காப்பியை எடுத்துக்கொள்வோம். மலையில் ஒருவர் இரண்டு ஏக்கரில் காப்பி வைத்திருக்கிறார். பழத்தைப் பறித்து அப்படியே வியாபாரியிடம் கொடுத்தால் கிடைக்கும் பணம் முழுக்க விவசாய வருமானம். மத்திய அரசின் வருமான வரி கிடையாது. தோலைப் பிதுக்கி எடுத்து வெயிலில் காய வைத்து விற்றாலும் அப்படியே. அதையே இயந்திரத்தில் உமி நீக்கித் தரம் பிரித்து விற்றால், அந்த வருமானத்தில் 25 சதவீதம் தொழில் வருமானம். வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 சதவீதம் தொழில் வருமானம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 7பி என்ற விதி இப்படித்தான் கோடு போட்டது. கவனிக்க, இது வரியின் வீதம் அல்ல. வருமானத்தில் எவ்வளவு பங்கு வரிக் கணக்குக்குள் வரும் என்பதற்கான அளவு.

ஜி.எஸ்.டி.யிலும் இதே கதை. வறுக்காத காப்பிக் கொட்டைக்கு வரி இல்லை. வறுத்துவிட்டால் 5 சதவீதம். இன்ஸ்டன்ட் காப்பிக்கு 18 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைந்தது.

இரண்டு ஏக்கர்காரருக்கு இதனால் பெரிய வரி ஏதும் வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் பொதுவாக 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர் வருமான வரி கட்ட வேண்டியதே இல்லை. அவருடைய வறுத்த காப்பியின் 40 சதவீதம் அந்த எல்லையைத் தொடுவதற்கு மலை முழுக்க அவருடையதாக இருக்க வேண்டும்!

ஆனால் இந்த விஷயத்தை அவரிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? "தூளாக்கி விற்றால் ஜி.எஸ்.டி. வரும், ஆடிட்டர் வைக்கணும், ஆபீசுக்கு அலையணும், உனக்கு எதுக்கு வம்பு, பழமாகவே கொடுத்துடு" என்று ஒரு வியாபாரி சொன்னால் அதை மறுக்க அவரிடம் என்ன இருக்கிறது? காப்பியில் லாபம் கூடுவது பழத்தில் அல்ல, தூளில். சிறு விவசாயி பழத்தோடு நின்றுவிடுவதற்கு இயந்திரம் இல்லாதது, முதல் இல்லாதது, விளைச்சல் கொஞ்சமாக இருப்பது என்று பல காரணங்கள் உண்டு. கணக்கைப் பற்றிய பயமும் அதில் ஒன்று. வரி அவரைத் தடுக்கவில்லை. வரி என்ற சொல் தடுக்கிறது.

மலையடிவாரத்தில் ஒரு கணக்குப்பிள்ளை

விவசாய வருமானத்துக்கு ஏன் வருமான வரி இல்லை? "விவசாயி ஏழை, அதனால்" என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையான காரணம் வேறு. அதைத் தெரிந்துகொள்ள 1792க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாராமகாலும் ஒன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் இதில் அடக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வரி வசூலிக்க அனுப்பிய கலெக்டர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக வந்து தருமபுரியில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இருந்தவர் தாமஸ் மன்றோ. சென்னையில் தீவுத்திடல் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாமல் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலை ஒன்று இருக்கிறதல்லவா, அவரேதான்.

ரீட்டும் மன்றோவும் செய்தது அந்தக் காலத்துக்குப் புதுமையான காரியம். வங்காளத்தில் ஜமீன்தாரிடம் மொத்தமாகப் பேசி வரி வாங்கினார்கள். இவர்களோ நிலத்தைச் சங்கிலி வைத்து அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாக வரி குறித்தார்கள். நடுவில் ஜமீன்தார் கிடையாது. அரசாங்கமும் உழுகிறவனும் நேருக்கு நேர். அவன் பெயரில் பட்டா, அதில் அவன் கட்ட வேண்டிய தொகை. பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற இந்த முறை உருவானது இந்த மண்ணில்தான்.

காகிதத்தில் பார்த்தால் மேலே கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இதில் பதில் இருந்தது. கணக்கு எழுதுவது அரசாங்கம். பட்டாவில் இருப்பதால் விவசாயிக்குத் தெரியும். இடைத்தரகன் இல்லாததால் ஏமாற்று இல்லை.

நடைமுறையில் என்ன ஆயிற்று? கலெக்டருக்கும் விவசாயிக்கும் நடுவில் ஜமீன்தார் போய் கர்ணமும் தாசில்தாரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எழுதத் தெரிந்தவன் கணக்கன், தெரியாதவன் குடியானவன். நஞ்சையா புஞ்சையா, தரம் ஒன்றா மூன்றா என்று எழுதுவது கணக்கன் கை. அவன் எழுதியதுதான் வரி. பட்டாவில் இருந்த எழுத்து விவசாயிக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.

விளைவு 1855இல் வெளிச்சத்துக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகச் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க அரசே அமைத்த கமிஷன், ஆம், நடக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. கிட்டி என்ற மரக்கருவியில் விரல்களை வைத்து நெரிப்பது, அண்ணாந்தாள் என்று உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது... எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. மன்றோவின் திட்டத்தில் கிட்டி இல்லை. ஆனால் கணக்கு புரியாதவன் கையில் பட்டாவும் புரிந்தவன் கையில் அதிகாரமும் இருந்தால் கிட்டி தானாக வந்து சேரும்.

மன்றோ இதை ஓரளவு உணர்ந்தவர்தான். 1807இல் கம்பெனிக்கு எழுதிய அறிக்கையில் நிலவரியை நாலில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். கம்பெனி அப்போது கேட்கவில்லை. பாராமகாலிலேயே அவர் போன சில ஆண்டுகளில் நிலங்களை மிட்டாக்களாகப் பிரித்து விற்று ஜமீன்தாரி முறைக்கே திரும்பிப் பார்த்தார்கள். மன்றோ 1820இல் சென்னை கவர்னரான பிறகே ரயத்துவாரி மாகாணத்தின் பொதுமுறையாக நிலைத்தது.

1799: ஒரே ஆண்டில் இரண்டு சம்பவங்கள்

மன்றோ தருமபுரியை விட்டுக் கிளம்பிய ஆண்டு 1799. அதே ஆண்டில் லண்டனில் ஒரு புதிய வரி நடைமுறைக்கு வந்தது. நெப்போலியன் காலத்துப் போர்ச் செலவுக்காகப் பிரதமர் வில்லியம் பிட் கொண்டுவந்த வருமான வரி. 60 பவுண்டுக்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லை. 200 பவுண்டுக்கு மேலே போனால் 10 சதவீதம்.

இதில் சுவாரசியம் என்னவென்றால், பிட் எதிர்பார்த்தது சுமார் ஒரு கோடி பவுண்டு. வந்தது சுமார் 60 லட்சம். 1802இல் சமாதானம் வந்ததும் வரி ரத்தானது. 1803இல் மீண்டும் போர், மீண்டும் வரி. இந்த முறை அடிங்டன் பிரதமர். அவர் வீதத்தைப் பாதியாக்கி 5 சதவீதம் என்று வைத்தார். ஆனால் கணக்கு எடுக்கும் முறையை மாற்றினார். வருமானத்தை வகை வகையாகப் பிரித்து, பணம் புறப்படும் இடத்திலேயே வரியைப் பிடிக்கச் செய்தார். (இன்று நம் ஊரில் டி.டி.எஸ். என்கிறோமே, அதன் கொள்ளுத் தாத்தா.) வீதம் பாதி, வசூலோ கிட்டத்தட்ட அதே அளவு!

"எத்தனை பர்சன்ட்?" என்ற கேள்வி போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இந்த வரி 1860இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவால் கஜானா காலி. ஜேம்ஸ் வில்சன் கல்கத்தாவில் வருமான வரியை அறிவித்தார். அதை எதிர்த்துக் குரல் கொடுத்த முக்கியமான ஆள் யார் தெரியுமா? சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன். மக்களுக்குப் பழக்கமில்லாத வரி, இது வேண்டாம் என்றார். சொன்னதோடு நிற்காமல் தன் மறுப்பைப் பத்திரிகையிலும் வரச் செய்தார். அதற்காகவே அந்த ஆண்டே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது இரக்கமில்லாதவர் என்று பெயரெடுத்த மனிதர், இங்கே வரிக்காக வேலையை இழந்தார். சரித்திரம் விசித்திரமானதுதான்.

பிறகு வந்த 1886ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய வருமானத்தை வருமான வரியிலிருந்து விலக்கியது. காரணம் கருணை அல்ல. அந்த நிலம் ஏற்கெனவே நிலவரி கட்டுகிறது, இரண்டாவது முறை வாங்குவது சரியில்லை என்பதுதான். அதாவது மன்றோவின் பட்டா ஒரு பக்கம், பிட்டின் வருமான வரி இன்னொரு பக்கம். இரண்டும் மோதிய இடத்தில் போட்ட கோடு இது. நிலவரி இன்று பெயரளவுக்குத் தேய்ந்துவிட்டது. கோடு மட்டும் அப்படியே நிற்கிறது. 1961 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் (அமலாகும் தேதி 2026 ஏப்ரல் 1) அந்த விலக்கைத் தொடர்கிறது. வத்தல்மலைக் காப்பிப் பழம் வரியில்லாமல் மலை இறங்குவதும், தூளானால் கணக்குக்குள் வருவதும் இந்தப் பழைய கோட்டினால்தான்.

இன்றைய லண்டன்

இப்போது பிரிட்டனுக்கு வருவோம். அங்கே கடந்த சில ஆண்டுகளில் நடந்த நான்கு விஷயங்கள் நம் கவனத்துக்கு உரியவை.

முதலாவது, வீதத்தைத் தொடாமலே வரியை ஏற்றியது. ஒருவர் ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை சம்பாதித்தால் அங்கே வருமான வரி இல்லை. 2021 முதல் இந்த எல்லை நகரவே இல்லை. 2025 நவம்பர் பட்ஜெட்டில் இதை 2031 வரை இப்படியே வைப்பதாக அறிவித்தார்கள். விலைவாசியும் கூலியும் ஏற ஏற, முன்பு வரி கட்டாதவர்கள் தாமாக வலைக்குள் வருகிறார்கள். "வீதத்தை ஏற்றவில்லை" என்று அமைச்சர் சொல்வது உண்மை. வரி ஏறியதும் உண்மை.

இரண்டாவது, விவசாய நிலத்தின் வாரிசு வரி. விவசாயச் சொத்துக்கு அதுவரை இருந்த முழு விலக்கை 10 லட்சம் பவுண்டோடு நிறுத்தி, அதற்கு மேல் பாதி விலக்கு மட்டும் என்று 2024 அக்டோபர் பட்ஜெட் அறிவித்தது. அமலுக்கு வரும் தேதி 2026 ஏப்ரல். விவசாயிகள் லண்டனில் திரண்டார்கள். டிராக்டர்கள் நாடாளுமன்றம் வரை வந்தன. 2025 டிசம்பரில் அரசு இறங்கி வந்து எல்லையை 25 லட்சம் பவுண்டாக உயர்த்தியது. சரியோ தவறோ, அந்த விவசாயிகளுக்குத் தங்கள் கணக்கு தெரிந்திருந்தது. இந்த மாற்றத்தால் தன் பண்ணைக்கு எவ்வளவு வரும் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். போராட முடிந்தது அதனால்தான். கணக்கு தெரியாதவனால் கோபப்பட முடியும். பேரம் பேச முடியாது.

மூன்றாவது, டிஜிட்டல் கணக்கு. சுயதொழில் செய்பவர்களும் வீட்டு வாடகை வாங்குபவர்களும் வருஷத்துக்கு ஒரு முறை படிவம் நிரப்பி அனுப்பும் வழக்கத்தை மாற்றி, மென்பொருளில் கணக்கு வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடு. 2015இலேயே அறிவிக்கப்பட்டுப் பலமுறை தள்ளிப்போன திட்டம். 2026 ஏப்ரல் 6 முதல் 50,000 பவுண்டுக்கு மேல் வரவு உள்ளவர்கள், 2027இல் 30,000, 2028இல் 20,000 என்று படிப்படியாகக் கீழே இறங்கும்படி வகுத்திருக்கிறார்கள். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் கடை வைத்திருக்கும் நம் தமிழர்களில் தனியாளாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கும் இதே விதிதான். வரவு என்றால் லாபம் அல்ல, செலவு கழிக்காத மொத்த வரவு. லாபம் கொஞ்சமாக இருந்தாலும் விதி பிடிக்கும்.

நான்காவதுதான் முக்கியமானது. பிரிட்டனில் "வரி ஆலோசகர்" என்று பலகை மாட்ட எந்த லைசென்சும் தேவையில்லை. தேர்வு எழுதிச் சங்கத்தில் உறுப்பினர் ஆனவர்களும் உண்டு, எதுவும் இல்லாதவர்களும் உண்டு. இதன் விளைவைப் பலர் அனுபவித்தார்கள். சம்பளத்தைக் கடன் என்று காட்டினால் வரி குறையும் என்று சில ஆலோசகர்கள் திட்டம் விற்றார்கள். செவிலியர், சமூகப் பணியாளர் உட்பட ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அரசு அந்தக் 'கடன்' எல்லாமே வருமானம்தான் என்று சட்டம் போட்டு, 2019இல் மொத்தமாக வரி கேட்டது. குடும்பங்கள் நொடிந்தன. தற்கொலைகளும் நடந்தன. கமிஷன் வாங்கிக்கொண்டு திட்டத்தை விற்றவர்களில் பலர் நிறுவனத்தை மூடிவிட்டு நடையைக் கட்டினார்கள்.

இதற்குப் பிறகுதான், காசு வாங்கிக்கொண்டு பிறருக்காக வரித்துறையோடு பேசும் எவரும் அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் உருவானது. 2026 மே முதல் படிப்படியாக நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தார்கள். 227 ஆண்டு பழைய வருமான வரி வைத்திருக்கும் நாடு, கணக்கு எழுதிக் கொடுப்பவரின் பெயரையாவது பதிந்துகொள்ளலாம் என்று இப்போதுதான் முடிவுக்கு வருகிறது!

இங்கே என்ன நிலைமை?

நம் ஊரில் 'ஆடிட்டர்' என்ற சொல்லுக்கு அர்த்தம் கொஞ்சம் விசாலமானது. பட்டயக் கணக்காளரும் ஆடிட்டர்தான், அவர் ஆபீசில் வேலை பார்த்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவரும் ஆடிட்டர்தான், ஜெராக்ஸ் கடையில் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவரும் ஆடிட்டர்தான். தணிக்கையில் கையெழுத்துப் போடத்தான் தகுதி வேண்டும். ரிட்டர்ன் தட்டச்சு செய்ய ஒரு பாஸ்வேர்ட் போதும்.

2025 ஜூலையில் வருமான வரித்துறை தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. பொய்யான கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்து, அதில் கமிஷன் எடுத்த இடைத்தரகர்களைத் தேடித்தான். அதற்கு முந்தைய நாலு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தங்கள் ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் அளவுக்குத் தவறான கழிவுகளைத் திரும்பப் பெற்றார்கள் என்று துறை சொன்னது. இதில் தெரிந்தே செய்தவர்களும் இருப்பார்கள். "அவர் போட்டுக் கொடுத்தார், பணம் வந்தது, அவ்வளவுதான் தெரியும்" என்பவர்களும் இருப்பார்கள். சட்டத்துக்கு முன்னால் இருவரும் ஒன்றுதான். நோட்டீஸ் பான் கார்டுக்காரன் பெயருக்குத்தான் வரும்.

"வருமான வரியே கட்டாத வத்தல்மலை விவசாயிக்கு இந்தக் கவலை எதற்கு?" என்று ஒரு கேள்வி வரலாம். நியாயமான கேள்வி.

முதலில், அவர் வரி கட்டாதவர் என்பதே தவறு. செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வண்டிக்கு டீசல் போட்டால் மத்திய வரியும் மாநில வரியும் சேர்ந்தே வருகிறது. வியாபாரி தான் கட்டிய ஜி.எஸ்.டி.யை அடுத்த கட்டத்தில் கழித்துக்கொள்வார். விவசாயியின் விளைபொருளுக்கு வரி விலக்கு என்பதால் அவருக்குக் கழித்துக்கொள்ளும் வசதியும் இல்லை. ஆக வரி கட்டுகிறார். கட்டியதற்கான அடையாளம்தான் இல்லை.

இரண்டாவது, விலக்கு என்பதும் ஓர் உரிமை. உரிமை என்றால் அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். வங்கியில் கொஞ்சம் பெரிய கடன் கேட்டால் "ரிட்டர்ன் இருக்கா?" என்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் தொடங்கிக் காப்பித் தூள் விற்கலாம் என்றால் முதல் படியிலேயே கணக்கு வந்து நிற்கிறது. இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. பழங்குடியினருக்கு வருமான வரியே கிடையாது என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த விலக்கு வடகிழக்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் லடாக்கிலும் வாழ்பவர்களுக்கு மட்டும்தான். வத்தல்மலைக்கும் சேர்வராயன் மலைக்கும் அது பொருந்தாது. இதைத் தெரியாமல் ஒரு பையன் படித்து வேலைக்குப் போய், ரிட்டர்ன் போடாமல் விட்டால்?

மூன்றாவது, விவசாய விலக்கை நாளைக்கு மாற்றவும் செய்யலாம். பெரும் பண்ணைக்காரர்களும் விவசாயி வேடம் போடும் பணக்காரர்களும் இந்த விலக்கில் ஒளிந்துகொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு புதிதல்ல. 1972இலேயே கே.என்.ராஜ் தலைமையிலான குழு விவசாய நில உடைமைக்கு ஏறுமுக வரி போடலாம் என்று பரிந்துரைத்தது. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மாற்றம் வரும் நாளில் பெரிய எஸ்டேட்டுக்கு ஆடிட்டர் இருப்பார், வக்கீல் இருப்பார். இரண்டு ஏக்கர்காரருக்கு யார் இருப்பார்கள்? லண்டன் வரை டிராக்டர் ஓட்டிய விவசாயிக்குத் தெரிந்த கணக்கு இவருக்கும் தெரிந்திருந்தால்தான் அன்று இவர் குரலும் கேட்கும்.

என்ன செய்யலாம்?

பிரிட்டனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மென்பொருளை அல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் என்பதை வத்தல்மலையில் சொன்னால் சிரிப்பார்கள் (சிக்னல் கிடைத்தால்!). எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. அங்கே வரி நிபுணர்களின் சங்கமே 1998இல் குறைந்த வருமானக்காரர்களுக்காகத் தனிக் குழு ஒன்றைத் தொடங்கியது. ஆலோசகருக்குக் கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு எளிய மொழியில் விளக்கம் எழுதுவது, சட்டம் வரும்போது அவர்கள் சார்பில் அரசிடம் பேசுவது அதன் வேலை. வரிப் பிரச்சினைக்கு இலவசமாக உதவும் தொண்டு நிறுவனமும் உண்டு. அமெரிக்காவில் 1970களிலிருந்தே கல்லூரி மாணவர்கள் உட்படத் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்று, ஏழைகளுக்கு இலவசமாக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறார்கள்.

இந்தியாவில் வழக்கு என்று வந்தால் இலவச சட்ட உதவிக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வரிக் கணக்குக்கு அதுபோல ஒன்று இருக்க வேண்டாமா?

ஒன்று, காப்பி, மிளகு, புளி, தேன் என்று மலையில் விளையும் ஒவ்வொரு பொருளுக்கும் எந்தக் கட்டத்தில் எந்த வரி, எந்த எல்லை வரை வரி இல்லை என்று ஒரே பக்கத்தில், பேசுகிற தமிழில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும். இதற்குப் பெரிய நிதி எல்லாம் தேவையில்லை. ஒரு அதிகாரியின் ஒரு வாரத்து வேலை.

இரண்டு, பிறர் ரிட்டர்னைக் காசுக்குப் போட்டுக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவர் பெயரும் பதிவு எண்ணும் அந்த ரிட்டர்னில் இருக்க வேண்டும். தப்பு நடந்தால் நோட்டீஸ் இருவருக்கும் போகட்டும். ஜெராக்ஸ் கடைக்காரரின் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். அவரையும் பொறுப்புக்குள் கொண்டுவந்தால் போதும்.

மூன்று, தருமபுரி மாவட்டக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் எத்தனை பேர் பி.காம். முடிக்கிறார்கள்! வருமான வரி ஒரு பாடம், ஜி.எஸ்.டி. ஒரு பாடம். விவசாய வருமானம் என்றால் என்ன என்று ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். அந்த விடைக்குரிய மனிதர் பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் காப்பி பறித்துக்கொண்டிருக்கிறார். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு ஆசிரியர், பத்து மாணவர்கள், பெரியூரில் ஒரு மர நிழல். ரசீதை எப்படி எடுத்து வைப்பது, நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது, தூளாக்கி விற்றால் உண்மையில் எவ்வளவு வரி என்று சொல்லிக் கொடுக்க இது போதாதா? மாணவருக்கும் பாடம் புரியும்.

மன்றோ தருமபுரியில் வயல் வயலாக அளந்து ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பட்டா கொடுத்தார். அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையை அவரும் செய்யவில்லை, அவருக்குப் பின் வந்தவர்களும் செய்யவில்லை. அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதைச் செய்து முடிக்காமல் வீதத்தை ஒன்று கூட்டுவதாலோ இரண்டு குறைப்பதாலோ மலை மேல் எதுவும் மாறிவிடப் போவதில்லை.